வாய்க்கு வைத்த எஃகு

"தம்பி, வெட்டுற வாய் நம்ம கப்பல் இரும்புதானே?"

நான் அடித்துக் கொடுத்த கத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு பெரியவர் கேட்டது இவ்வளவுதான். "ஆமாங்கய்யா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வந்துவிட்டது.

வாய் கப்பல் இரும்பு இல்லை. லாரி ஸ்பிரிங் பட்டை. அதை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் அவர் கொடுத்த தகட்டை வைத்து, காய்ச்சி ஒன்றாக அடித்தேன்.

வேறு வழியும் கிடையாது. கப்பல் தகட்டில் கார்பன் 0.2 சதவீத அளவில்தான் இருக்கும். கத்தி பதம் பிடிக்க 0.6 சதவீதமாவது வேண்டும். வெறும் தகட்டை எத்தனை முறை பழுக்கக் காய்ச்சித் தோய்த்தாலும் நாலு வெங்காயத்துக்குள் மழுங்கிவிடும். என் அப்பா அரிவாள் அடிக்கும்போது இரும்புக்கு எஃகு வாய் வைத்துத்தான் அடிப்பார். அதை யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை.

ஆனால் அப்பாவிடம் யாரும் இப்படிக் கேட்டதும் இல்லை.

அவர் கொண்டுவந்தது உள்ளங்கை அகலத் தகடு. 2014 கடைசியில் மும்பை தாருகானாவில் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிப் போர்க்கப்பலை உடைக்க ஆரம்பித்த பிறகு, அங்கே போய்க் காத்திருந்து வாங்கியதாம். 1971 போரில் அந்தக் கப்பலின் ஒரு கொதிகலன் விரிசல் விட்டிருந்தது. முழு வேகத்தில் போக முடியாது. அந்த நிலையிலும் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜார், சிட்டகாங் மீது அதன் தளத்திலிருந்து விமானங்கள் பறந்தன. இவர் அப்போது கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர். நான் தகட்டின் பெயின்டைச் சுரண்டியபோது, விழுந்த தூளைக்கூட ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டார். அப்படிப்பட்டவரிடம் போய் லாரி பட்டை என்று எப்படிச் சொல்வது?

விக்ராந்தே பிறந்தபடி இருந்ததா என்ன? ஹெர்குலிஸ் என்ற பெயரில் இங்கிலாந்தில் 1945இல் கடலில் இறங்கியது. பாதி வேலையோடு கிடந்ததை 1957இல் இந்தியா வாங்கி, பெல்ஃபாஸ்ட்டில் கட்டி முடித்து, 1961இல் படையில் சேர்த்தது. பிற்பாடு விமானங்களை உந்திவிடும் நீராவி இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, முகப்பில் சரிவான ஓடுதளம் வைத்தார்கள். அப்போதும் அது விக்ராந்த்தான். 2016இல் பஜாஜ் அதன் இரும்பை உருக்கி வி15 பைக்கில் சேர்த்தபோது, மற்ற பாகமெல்லாம் எதில் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. அப்படியென்றால் என் கத்தியும் கப்பல் கத்திதான்.

சரி, அவ்வளவு உறுதியாக இருந்தவன் பாலீஷ் ஏன் போட்டேன்?

வழக்கமாக இந்த மாதிரிக் கத்தியை ஆசிட்டில் முக்கி எடுப்பேன். நடு எஃகு கருத்து, ஓரத்து இரும்பு வெளுத்து, இரண்டுக்கும் நடுவே அலை மாதிரி ஒரு கோடு வரும். அதுதான் அழகே. அவருடைய கத்தியை மட்டும் முக்கவில்லை. கோடு தெரியாதபடி கண்ணாடியாகத் தேய்த்தேன். அவர் கேட்பதற்கு இரண்டு நாள் முன்பே தேய்த்து முடித்துவிட்டேன். அதனால் பதில் தானாக வந்துவிட்டது என்று நான் மேலே எழுதியது முழுக்கச் சரியில்லை.

சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பார் என்றும் தோன்றுகிறது. கொதிகலனோடு வாழ்ந்த மனிதருக்கு இரும்பு தெரியாதா? ஒருவேளை தெரிந்துதான் கேட்டாரோ?

நேற்று போன் செய்தார். "எலுமிச்சம்பழம் நறுக்கினேன் தம்பி. வாய் ஓரமா கருப்பா ஒரு கோடு ஓடுது. துருவா?"

"கொண்டு வாங்கய்யா, பார்க்கலாம்" என்றேன்.

பாலீஷ் போடும் பஃப் சக்கரத்தில் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் கோடு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.