இனவெறி பத்தி ப்ராஜெக்ட் பண்ணப் போறவங்களுக்கு: டெல்லியிலயும் சென்னையிலயும் ஒரே கேள்விய கேட்டப்ப நான் கத்துக்கிட்டது

எம்.ஏ சோஷியாலஜி கடைசி செமஸ்டர்ல நான் எடுத்த டாபிக், வடகிழக்கு மாநிலங்கள்லேர்ந்து படிக்கவும் வேலைக்கும் வந்தவங்க இனவெறிய டெல்லியில எப்படி உணர்றாங்க, சென்னையில எப்படி உணர்றாங்க அப்படிங்கறது. இந்த வருஷம் கிட்டத்தட்ட இதே மாதிரி டாபிக் எடுத்த ஜூனியர்ஸ் ரெண்டு பேரு போன் பண்ணி எங்க ஆரம்பிக்கணும், என்ன படிக்கணும்னு கேட்டாங்க, அவங்களுக்கு சொன்னத கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன். என்ன படிக்கணுங்கறத விட என்ன கேக்கணும் எப்படி கேக்கணுங்கறதுலதான் நான் நாலு மாசம் வீணாக்கினேன், அதனால அதத்தான் நிறைய சொல்லப் போறேன்.

நான் திருநெல்வேலிக்காரி. டிகிரி ஊர்லயே முடிச்சுட்டு எம்.ஏக்கு டெல்லி போனேன், முனிர்காவுல ரூம். அந்த ஏரியாவுல மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் பிள்ளைங்க நிறைய பேரு இருக்காங்க, என் மாடிப்படியிலயே மூணு பேரு. நான் கடைக்குப் போனா ‘மதராசி’ன்னு கூப்பிடுவாங்க, அவங்கள இன்னும் மோசமா, முகத்தக் கிண்டல் பண்ணி ‘சிங்கி’ன்னு கூப்பிடுவாங்க. இதெல்லாம் பாத்து எனக்கு மனசுக்குள்ள ஒரு முடிவு ஆயிடுச்சு, வடக்குல இனவெறி ஜாஸ்தி, நம்ம பக்கம் கம்மின்னு. சினாப்சிஸ்லயும், அதாவது ஆய்வ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குடுக்கற சுருக்கத்துலயும், அதையேதான் எழுதி வச்சேன். எங்க கைடு அந்த வரிக்குப் பக்கத்துல பென்சில்ல ‘யார் சொன்னது?’ன்னு மட்டும் எழுதித் திருப்பிக் குடுத்துட்டாங்க. அப்ப எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. இப்ப யாரு என்கிட்ட அவங்க சினாப்சிஸ காட்டினாலும் நானும் முதல்ல அதத்தான் கேக்குறேன்.

ஃபீல்டுக்குப் போனேன். கேள்வி நேரடியா, ‘நீங்க இங்க ரேசிசத்த சந்திச்சிருக்கீங்களா?’ டெல்லியில கேட்ட உடனே ஆமான்னு வந்துச்சு, ஒவ்வொருத்தர்கிட்டயும் நாலு அஞ்சு சம்பவம் ரெடியா இருந்துச்சு. சென்னைக்கு லீவுல வந்து வேளச்சேரி, அண்ணா நகர் பக்கம் பார்லர்லயும் ஹோட்டல்லயும் வேலை பாக்குறவங்ககிட்ட கேட்டா, ‘இல்லக்கா, சென்னை நல்லா இருக்கு, ஜனங்க நல்லவங்க’ன்னு வரிசையா ஒரே பதில். நான் நெனச்சது சரியாப் போச்சுன்னு சந்தோஷமா சாப்டர் எழுதவே உக்காந்துட்டேன்.

அந்த நேரத்துலதான் ஒரு பார்லர்ல வேலை பாக்குற மிசோரம் பொண்ணுகிட்ட பேசினேன். டெல்லியில ரெண்டு வருஷம் இருந்துட்டு சென்னைக்கு வந்து நாலாவது வருஷம். மத்தியானம் சாப்பாட்டு இடைவேளை, கடைக்குப் பின்னாடி மாடிப்படியில டிபன் பாக்ஸ மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, நான் ஒரு படி கீழ. எந்த ஊரு மோசம்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே யோசிச்சா. அப்புறம் தமிழும் ஹிந்தியுமா கலந்து சொன்னா, ‘அக்கா, டெல்லி போறப்பவே எனக்கு ஹிந்தி கொஞ்சம் தெரியும், பஸ்ல பின்னாடி நின்னு யாரு என்ன சொன்னாலும் காதுல விழும். இங்க வந்தப்ப தமிழ் ஒண்ணும் தெரியாது, அவங்க சிரிச்சா நானும் சிரிச்சேன். ரெண்டாவது வருஷம் தமிழ் புரிய ஆரம்பிச்சுது, அப்பதான் அவங்க எதுக்கு சிரிச்சாங்கன்னு தெரிஞ்சுது.’

எனக்கு பேனா ஓடல. அதுவரைக்கும் சென்னையில ‘இல்ல’ன்னு சொன்ன ஒன்பது பேரையும் எடுத்துப் பாத்தா, ஏழு பேரு வந்து ஒரு வருஷம் கூட ஆகாதவங்க, தமிழ் தெரியாதவங்க. நான் அதக் கேக்கவே இல்ல. புகார் கம்மியா இருந்தா அங்க நடக்கறதும் கம்மின்னு அர்த்தம் இல்ல, கேக்குற காதுக்கு மொழி தெரியணும். இன்னொண்ணு, கேட்டது நானு, தமிழ்க்காரி, அவங்க வேலை பாக்குறது எங்க ஊர்ல. என் முகத்தப் பாத்து உங்க ஊரு ஜனங்க மோசம்னு யாரு சொல்லுவா? நீங்க யாரு, எந்த மொழியில கேக்குறீங்க, அவங்க அங்க எத்தன வருஷமா இருக்காங்க, இந்த மூணையும் ஒவ்வொரு இன்டர்வியூ தலைப்புலயும் எழுதி வைங்க, அனாலிசிஸ் பண்றப்ப இதுதான் கை குடுக்கும்.

அப்புறம் டெல்லியில ஏன் உடனே ஆமான்னு வந்துச்சுங்கறதுக்கும் ஒரு காரணம் இருக்கு. 2014 ஜனவரியில அருணாச்சல பிரதேசத்து பையன் நீடோ தானியா லஜ்பத் நகர்ல ஒரு கடையில வழி கேக்கப் போய், அவரோட தலைமுடியையும் தோற்றத்தையும் கிண்டல் பண்ணதுல சண்டையாகி, அடி வாங்கி, அடுத்த நாள் இறந்து போனாரு. அதுக்கப்புறம் நடந்த போராட்டம், வடகிழக்குக்காரங்க பிரச்சினைய ஆராய மத்திய அரசு போட்ட பெஸ்பருவா கமிட்டி, அதே வருஷம் ஜூலையில அது குடுத்த அறிக்கை, இதெல்லாம் சேந்து ‘ரேசிசம்’ங்கற வார்த்தைய டெல்லியில இருக்கற வடகிழக்குப் பிள்ளைங்க கையில குடுத்துடுச்சு. டெல்லி போலீஸ்ல வடகிழக்குக்காரங்களுக்குன்னு தனி யூனிட்டு, 1093ன்னு ஹெல்ப்லைன் எல்லாம் இருக்கு. சென்னையில அந்த மாதிரி ஒரு பெரிய சம்பவம், அதுக்கு ஒரு பேருன்னு எதுவும் அவங்க மனசுல இல்ல. அதனால நடக்கறத சொல்ல அவங்களுக்கு வேற வார்த்தைதான் வருது, ‘கிண்டல் பண்ணுவாங்க’, ‘ஒரு மாதிரி பாப்பாங்க’, ‘நேபாளியான்னு கேப்பாங்க’.

இது புரிஞ்சப்புறம் ரேசிசம்ங்கற வார்த்தையையே கேள்வித்தாள்லேர்ந்து எடுத்துட்டேன். அதுக்கு பதிலா வீடு தேடின கதையச் சொல்லுங்கன்னு கேட்டேன். எத்தன வீடு பாத்தீங்க, ஓனர் முதல்ல என்ன கேட்டாரு, அட்வான்ஸ் எவ்வளவு, போன்ல பேசினப்ப இருக்குன்னு சொன்னவங்க நேர்ல பாத்ததும் இல்லன்னு சொன்னாங்களா, தெருவுல பசங்க என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க, ஆட்டோக்காரரு எவ்வளவு கேப்பாரு. இப்படிக் கேட்டப்புறம் சென்னை நோட்டுப் புத்தகமும் டெல்லி அளவுக்குத் தடியாச்சு.

வீட்டு விஷயத்துல கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா என் டிசர்டேஷன்ல உருப்படியான சாப்டர் இதுதான். டெல்லி போலீஸ் 2007ல வடகிழக்கு மாணவர்களுக்குன்னு ஒரு கையேடு போட்டாங்க, மூங்கில் குருத்து, அக்குனி மாதிரி வாசனை அடிக்கிற சாப்பாட அக்கம்பக்கத்துல தொந்தரவு வராம சமைங்கன்னு அதுல இருந்துச்சு, பெரிய எதிர்ப்பு கெளம்புச்சு. அக்குனின்னா நாகாலாந்துல சோயாவ புளிக்க வச்சு செய்யறது. டெல்லியில அந்த வாசனைய சாக்கா வச்சு வீடு இல்லன்னா அத இனவெறின்னு சொல்றாங்க. சென்னையில அதே பொண்ணுக்கு அதே காரணத்துக்கு வீடு இல்லன்னா, பக்கத்துல இருக்கறவங்க ‘அது அப்படித்தான், வெஜிடேரியன் ஒன்லி ஹவுஸ், எங்களுக்கே குடுக்க மாட்டாங்க’ன்னு சொல்றாங்க. எங்க வீட்டுல கருவாட்டுக் கொழம்பு வைக்கறதுக்கு முன்னாடி அம்மா ஜன்னல சாத்துறத நான் சின்ன வயசுலேர்ந்து பாத்திருக்கேன், மாடியில இருந்த ஓனருக்கு வாசனை போகக் கூடாதுன்னு. அத நாங்க இனவெறின்னு சொன்னதே இல்ல, சாதின்னு கூட வாய் விட்டு சொன்னதில்ல, ‘அவங்க சைவம்’ அவ்வளவுதான். ஆக கதவு சாத்தறது எல்லா இடத்துலயும் ஒண்ணுதான், டெல்லியில அதுக்கு இனம்னு பேரு, இங்க சாதியையோ சாப்பாட்டையோ சொல்லிட்டுப் போயிடறோம். அந்த ஊர்ல ஏற்கனவே எந்த வேலி பலமா இருக்கோ அதோட பேரத்தான் ஜனங்க இதுக்கும் வைக்கறாங்க. அதனால டெல்லி, சென்னை எது மோசம்னு தராசு வைக்காதீங்க, ஒரு செயல எடுத்துக்கிட்டு அதுக்கு எந்த ஊர்ல என்ன பேருன்னு பாருங்க.

அடுத்து, வடகிழக்கு எல்லாத்தையும் ஒரே ஆளுன்னு நெனச்சுடாதீங்க. எட்டு மாநிலம் அது. கவுஹாத்தியிலேர்ந்து வந்த ஒரு பையன், ‘எனக்கு எதுவும் நடந்ததில்ல, என் முகத்தப் பாத்து யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, ஆனா கூட இருக்கற போடோ பழங்குடி ஃப்ரெண்டுக்கு தினமும் நடக்கும்’னு சொன்னாரு. ரெண்டு பேரும் அசாம்தான். மணிப்பூர்ல 2023 மே மாசம் மெய்தி, குக்கி மக்களுக்கு நடுவுல கலவரம் வந்ததுக்கு அப்புறம் ரெண்டு பக்கத்து ஆளுங்களையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு குரூப் டிஸ்கஷன் பண்றதெல்லாம் நெனச்சே பாக்காதீங்க, தனித்தனியா போய்ப் பாருங்க.

அவங்க ஊருக்குள்ள போனா தராசு அப்படியே திரும்பும், இதையும் எழுதணும். வெளியாளுக்கு மேகாலயாவுல பேசற காசி மொழியில ‘ட்கார்’, மிசோவுல ‘வாய்’, மணிப்பூர்ல ‘மயாங்’னு வார்த்தை இருக்கு. ஷில்லாங்ல 1979ல பெங்காலிகளுக்கு எதிரா கலவரம் நடந்திருக்கு, 2018ல பஞ்சாபி லேன்ல இருக்கற சீக்கியக் குடும்பங்களோட மோதல் நடந்திருக்கு. அங்க உள்ளவங்க இத இனவெறின்னு பாக்கறதில்ல, நாங்க சின்னக் கூட்டம், எங்க நெலம் போயிடும்ங்கற பயம்னு சொல்லுவாங்க, அங்க தலைமுறையா வாழற வெளியாளு வேற மாதிரி சொல்லுவாங்க. எனக்கு ரெண்டு பேரு சொல்றதுலயும் உண்மை இருக்குன்னுதான் படுது. இந்தப் பக்கத்த விட்டுட்டு எழுதினா வைவாவுல, அதாவது வாய்மொழித் தேர்வுல, கண்டிப்பா மாட்டுவீங்க.

வைவான்னதும் சொல்லணும். என்கிட்ட கேட்ட முதல் கேள்வியே, ‘இந்தியாவுல இருக்கறது சாதிதானே, இனவெறின்னு ஏன் சொல்றீங்க?’ இதுக்கு உணர்ச்சிவசப்பட்டு பதில் சொல்லாதீங்க, சட்டத்தப் புடிச்சுக்கோங்க. அரசியலமைப்புச் சட்டம் 15வது பிரிவுல மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம்னு தனித்தனியாவே போட்டிருக்கு. இனப்பாகுபாட்டுக்கு எதிரான ஐநா உடன்படிக்கைய இந்தியா 1968லயே ஏத்துக்கிச்சு. 2001ல தென்னாப்பிரிக்காவுல டர்பன் நகரத்துல நடந்த ஐநா இனவெறி எதிர்ப்பு மாநாட்டுல சாதியையும் அதுல சேக்கணும்னு தலித் அமைப்புகள் கேட்டப்ப, சாதி வேற இனம் வேறன்னு நம்ம அரசு சொல்லிச்சு. பெஸ்பருவா கமிட்டி இனரீதியான இழிவுக்குன்னு அப்ப இருந்த இந்திய தண்டனைச் சட்டத்துல (ஐபிசி) 153சி, 509ஏன்னு புதுப் பிரிவு கேட்டுச்சு, அது சட்டமா வரவே இல்ல. 2016 டிசம்பர்ல கர்மா தோர்ஜி வழக்குல வடகிழக்குக்காரங்களுக்கு எதிரான இனவெறிய கண்காணிக்க ஒரு கமிட்டி போடச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டுச்சு. 2024 ஜூலை 1லேர்ந்து ஐபிசிக்கு பதிலா நடைமுறையில இருக்கற பிஎன்எஸ்ல (பாரதிய நியாய சன்ஹிதா) 103(2)ன்னு ஒண்ணு, அஞ்சு பேரு இல்ல அதுக்கு மேல சேந்து இனம், சாதி, மொழி, பிறந்த இடம் மாதிரி காரணத்துக்காக கொலை பண்ணா தனியா தண்டனை. யூஜிசி நெட்டுக்கோ சிவில் சர்வீஸ் ஜிஎஸ் பேப்பருக்கோ படிக்கறவங்களுக்கும் இந்த ஒரு பாரா உதவும், ஆனா சட்டத்த மட்டும் அடுக்கி வச்சு முடிச்சுடாதீங்க, ஒரு வீட்டு வாசல் கதைய முன்னாடி வைங்க.

இன்டர்வியூ பதில்கள வகை பிரிச்சுக் குறிக்கறப்ப (கோடிங்) பயத்தையும் அவமானத்தையும் தனித்தனியா பண்ணுங்க, நான் முதல்ல ரெண்டையும் கலந்துட்டேன். 2012 ஆகஸ்ட்ல, அசாம்ல கோக்ரஜார் பக்கம் நடந்த கலவரத்துக்கு அப்புறம் எஸ்எம்எஸ்ல வதந்தி பரவி, பெங்களூர்லேர்ந்து ஆயிரக்கணக்கான வடகிழக்குக்காரங்க கவுஹாத்தி ரயில் ஏறினாங்க, புனே, சென்னையிலேர்ந்தும் போனாங்க, ஒரே நேரத்துல அஞ்சு மெசேஜுக்கு மேல அனுப்ப முடியாதுன்னு அரசு கட்டுப்பாடே போட்டுச்சு. அந்த ரயில்ல போய்ட்டு ரெண்டு மாசத்துல திரும்பி வந்த ஒருத்தரு, பெங்களூர்ல என்னை யாரும் ஒரு வார்த்தை தப்பா பேசினதில்லன்னு சொன்னாரு. ஆனாலும் ஓடினாரு. ஏன்னு கேட்டதுக்கு, ‘நடந்தா எனக்காக யாரு வந்து நிப்பான்னு யோசிச்சேன், ஒருத்தர் பேரு கூட ஞாபகத்துக்கு வரல’ன்னாரு.

எழுதி முடிச்ச சாப்டர அவங்ககிட்ட திருப்பிப் படிச்சுக் காட்டுங்க, தயவுசெஞ்சு இத விட்டுடாதீங்க. பேரு, ஊரு, வேலை செய்யற கடை எதையும் போடாதீங்க, ஓனர் கண்ணுல பட்டா அவங்க வேலை போயிடும். ரெக்கார்டரப் பாத்து பயப்படறவங்ககிட்ட ரெக்கார்டர் வேண்டாம், நோட்டு போதும்.

அடுத்து யாராவது பண்ணணும்னு நான் ஆசைப்படறது நம்ம ஊரு விஷயம். ‘வடக்கன்’ங்கற வார்த்தை இங்க எவ்வளவு சகஜமாயிடுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிங்கள அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவி அவங்க பயந்து ஊருக்குக் கெளம்பினாங்க, பீகார்லேர்ந்து அதிகாரிங்களே வந்து பாத்துட்டுப் போனாங்க. அந்த வீடியோ பொய்தான், ஆனா அத ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பினாங்கன்னு திருப்பூர்ல போய் யாராவது பொறுமையா கேக்கணும். போறவங்க ஹிந்தியோ போஜ்புரியோ தெரிஞ்ச ஒருத்தரக் கூட்டிக்கிட்டுப் போங்க, கம்பெனி வாசல்ல சூப்பர்வைசர் முன்னாடி கேக்காதீங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் துணி தொவைச்சுக் காயப் போட்டுட்டு ரூம் வாசல்ல உக்காந்திருப்பாங்க, அப்ப போங்க. தீபாவளிலேர்ந்து சத் பூஜை முடியற வரைக்கும் பாதி பேரு ஊர்ல இருக்க மாட்டாங்க, ஃபீல்ட் வொர்க்க அந்த நாள்ல வச்சுக்காதீங்க.