விலை எழுதாத படிவம்

மே 14, 2018

மேல்மாடியில் குடியிருக்கும் ஓவியர் மாடியம்மா இன்றும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பவில்லை. நாடித்துடிப்பு சீராகும்வரை அனுப்ப இயலாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சிகாகோவில் எங்கள் பகுதியில் நடக்கும் ஓவியப் போட்டிக்கான அவருடைய படிவம் என் மேசைமீது இருக்கிறது. பெயர், வயது 79, இந்தத் தெருவில் குடியிருக்கும் ஆண்டுகள், படத்தின் அளவு என எல்லாவற்றையும் தம் சாய்ந்த கையெழுத்தில் நிரப்பியிருக்கிறார். விலை என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. ஜூன் 2 மாலை 5 மணிக்குள் படமும் படிவமும் சேர்ந்தாக வேண்டும்.

மே 15

மேலே சென்று படத்தைப் பார்த்தேன். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, தனக்குப் பெரிதான குளிர்காலக் கோட்டை அணிந்து தெருமுனையில் நிற்கிறாள். அவளுடைய வலக்கை மூடியிருக்கிறது. விரல் மூட்டுகளில் பழுப்பு வண்ணத்தின் அடியிலிருந்து மெல்லிய பச்சை தெரிகிறது. கறுப்புத் தோலைக் கறுப்பு வண்ணத்தால் வரைய முடியாது என்று அவர் என்னிடம் பலமுறை சொன்னதன் பொருள் இன்றுதான் எனக்கு விளங்கிற்று.

மே 17

நேற்றிரவு நியூயார்க்கில் நடந்த சோதபி ஏலத்தில் ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலின் ‘பாஸ்ட் டைம்ஸ்’ 2 கோடியே 11 லட்சம் டாலருக்கு விலைபோயிருக்கிறது. இங்கே மக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையத்திற்காக 1997இல் 25,000 டாலருக்கு வாங்கப்பட்ட படம் அது. நீர்க்கரையில் ஒரு கறுப்பினக் குடும்பம் ஓய்வாக அமர்ந்திருக்க, பின்னால் ஒருவர் நீரில் சறுக்கிச் செல்ல, ஒருவர் கோல்ஃப் ஆட, எந்தத் தொல்லையும் அண்டாத ஒரு பிற்பகலை அவ்வளவு பெரிய துணியில் அவர் வரைந்திருந்தார். உயிரோடிருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்க ஓவியர் ஒருவருடைய படத்திற்கு இதுவரை கிடைத்திராத விலை என்பதால் காலையில் எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு, மறுவிற்பனையில் வரும் பணத்தில் ஓவியருக்குப் பங்கு தரும் நாடு தழுவிய சட்டம் இங்கே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. படமும் ஊரைவிட்டுப் போயிற்று. விலைக் கட்டத்தை இனி என்னால் ஒரு சாதாரணக் கட்டமாகப் பார்க்க இயலாது.

மே 19

நாடித்துடிப்பு 48. அதிகம் பேசவில்லை.

மே 21

இன்று பேசினார். விற்பனைக்கு அல்ல என்று எழுதிவிடு என்றார். ஏன் என்று கேட்டதற்கு நேரான பதில் சொல்லாமல், தம் அக்காவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். தெற்கு மிச்சிகன் அவென்யூ 3831ஆம் எண் மாளிகையைக் கறுப்பினக் கலைஞர்களுக்கான கலை மையமாக மாற்றுவதற்காக, ஓவியர் மார்கரெட் பரோஸ் 39ஆம் தெரு முனையில் கையில் டப்பாவுடன் நின்று பத்து சென்ட் நாணயங்களைத் திரட்டிய காலத்தில், அக்காவுக்கு ஒன்பது வயதாம். அந்த மையம் 1940 டிசம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் அன்றைய அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வந்து முறைப்படி தொடங்கிவைத்தார். அக்கா அன்று தம் நாணயத்தைப் போட்டாரா என்று கேட்டேன். மாடியம்மா கண்களை மூடிக்கொண்டார். களைப்பா, விருப்பமின்மையா என்று தெரியவில்லை.

மே 24

போட்டி என்பதே எங்கள் பகுதிக்கு எதற்கு என்று ஒருவர் இன்று கேட்டார். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இரவு முழுவதும் வந்துகொண்டிருக்கிறது. ஓவியர் சார்லஸ் வைட் இந்த நகரத்துப் பையன். அவருடைய ஓவியங்களைப் பார்த்து உதவித்தொகையுடன் இடம் கொடுத்த இரண்டு கலைப்பள்ளிகள், நேரில் வந்தவர் கறுப்பர் என்று கண்டதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஹார்மன் அறக்கட்டளை 1926இல் கறுப்பினக் கலைஞர்களுக்குப் பரிசு தரத் தொடங்கியபோது, முதல் தங்கப் பதக்கத்தைப் பெற்ற பாமர் ஹைடன் துப்புரவு வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டு வெண்கலப் பதக்கம் பெற்ற ஹேல் உட்ரஃப், பாரிஸ் சென்று பயின்று திரும்பி, 1942இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் கறுப்பினக் கலைஞர்களுக்கென்றே ஓர் ஆண்டுப் போட்டியைத் தொடங்கினார். அது 1970 வரை நடந்தது. பரிசு பெற்ற படங்களைப் பல்கலைக்கழகமே விலை கொடுத்து வைத்துக்கொண்டது. வேறு எந்தச் சுவரும் இடம் தராத காலத்தில் அவை ஒரே இடத்தில் தங்கியதால்தான் இன்று நாம் அவற்றைப் பார்க்கிறோம். ஆகவே விற்பனைக்கு அல்ல என்று எழுத என் கை தயங்குகிறது. ஆனால் படம் என்னுடையதல்ல.

மே 27

அமைப்பாளர்களை அழைத்துக் கேட்டேன். முதல் பரிசு பெறும் படத்தை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். விற்பனைக்கு அல்லாத படம் கண்காட்சியில் தொங்கலாமே தவிர முதல் பரிசுக்குத் தகுதி பெறாது. கோபத்தோடு தொலைபேசியை வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து, உட்ரஃபும் இதைத்தானே செய்தார் என்று தோன்றியபோது கோபம் போய்விட்டது, கவலை மட்டும் இருக்கிறது. மாநாட்டு மையத்தின் சுவரில் இருந்த படமும் ஒரு காலத்தில் இங்கேயே இருப்பதற்கென்றுதான் வாங்கப்பட்டது.

மே 29

படச் சட்டத்தின் பின்புறம், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே, இருபக்கமும் வளையம் திருகிக் கம்பி கட்டினேன். கம்பி சற்றுத் தளர்ந்திருக்க வேண்டும், ஆனால் இழுத்தால் சட்டத்தின் மேல்விளிம்புக்கு வெளியே தெரியக்கூடாது. மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன். சிறுமியின் மூடிய கை ஒவ்வொரு முறையும் என் முழங்காலுக்கு நேரே வந்து நின்றது.

மே 30

நாடித்துடிப்பு 41.

மே 31

உறக்கம் இல்லை. மிச்சிகன் அவென்யூ மையத்தின் மரப்பலகைச் சுவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை ஆண்டுகளாகப் படங்களைத் தொங்கவிட்ட ஆணித்துளைகள் அங்கே அப்படியே இருக்கின்றன. அவற்றை யாரும் அடைத்துப் பூசவில்லை. எலிசபெத் கேட்லெட், கார்டன் பார்க்ஸ், சார்லஸ் வைட் ஆகிய கலைஞர்கள் எல்லோரும் புழங்கிய இடம் அது. சார்லஸ் வைட்டின் பெரிய கண்காட்சி வரும் 8ஆம் தேதி இந்நகரத்துக் கலை அருங்காட்சியகமான ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் தொடங்குகிறது. அதற்கு மாடியம்மாவை அழைத்துச் செல்வதாக மார்ச் மாதமே வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 1

இரவு 11 மணிக்கு அவரே அழைத்தார். 900 டாலர் என்று எழுது என்றார். சட்டத்திற்கும் வண்ணத்திற்கும் கேன்வாஸுக்கும் அவ்வளவுதான் செலவாயிற்றாம். உழைத்த இரண்டு ஆண்டுகளுக்கு எவ்வளவு என்று கேட்டேன். அதைக் கொடுக்கக்கூடியவர்கள் இந்தப் பகுதியில் இல்லை, இந்தப் பகுதியில் இல்லாதவர்களுக்கு அதைக் கொடுக்கப்போவதும் இல்லை என்றார். பிறகு, இப்படம் இந்தப் பகுதியை விட்டு விற்கப்படக்கூடாது என்று துணியின் பின்புறம் பென்சிலால் எழுதச் சொன்னார். பென்சில் எழுத்து யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. எழுதினேன்.

ஜூன் 2

மழை. படத்தைப் போர்வையில் சுற்றி, மேலே நெகிழித்தாள் கட்டி எடுத்துச் சென்றேன். எனக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பையன், தன் பாட்டியைக் கரிக்கோலால் வரைந்த தாளை மார்போடு அணைத்து நின்றான். அவனுடைய விலைக் கட்டத்தில் 40 என்று இருந்தது. 4.40க்குப் பெற்றுக்கொண்டார்கள். மேசையில் இருந்த பெண்மணி படத்தைத் திருப்பிப் பின்புறத்தை நெடுநேரம் படித்துவிட்டு, இதை அழித்துவிடவா, அப்படியே இருக்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

ஜூன் 3

நாளை காலை 7 மணிக்கு நாடித்துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்துகிறார்கள். நடுவர்கள் கூடுவதும் நாளைதான்.