கால் எட்டாமல் தோற்றவன்

ஜூன் 6, வெள்ளி

'டிராகன் பால்' என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடரை மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். நாயகனின் முடி பொன்னிறமாகும் 'டிராகன் பால் இசட்' அல்ல; அதற்கும் முந்தைய, 1986-இல் தொடங்கிய 153 பகுதிகள். குரங்கு வாலோடு கோகு என்ற பொடியன் மேகத்தில் ஏறிப் பறக்கிறான். இந்த முறை ஜப்பானிய மொழியில். கோகுவுக்குக் குரல் மசாகோ நொசாவா. பெண் குரல் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

கோகுவின் குரு, கிழவர் ஆமை முனிவர் தரும் பயிற்சிக் காலம். சண்டையே இல்லையே என்று சிறுவயதில் எரிச்சல்பட்ட பகுதிகள். இன்று எழுந்திருக்க மனமில்லாமல் பார்த்தேன். கோகுவும் உடன் பயிலும் க்ரிலினும் விடியற்காலையில் வீடு வீடாகப் பால் போடுகிறார்கள், வெறுங்கையால் வயலை உழுகிறார்கள். முதுகில் 20 கிலோ ஆமை ஓடு. பழகியதும் 40 கிலோ. ஒருநாள் ஓட்டைக் கழற்றிவிட்டுக் குதித்தால், இருவரும் எங்கோ உயரத்தில் இருக்கிறார்கள்!

கிழவரின் பெண்பித்து நகைச்சுவைதான் சகிக்கவில்லை. அந்த இடங்களை ஓட்டிவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

பார்க்கவில்லை. தலைவலி.

ஜூன் 14, சனி

கோகு கலந்துகொள்ளும் முதல் தற்காப்புக் கலைப் போட்டி, 21-ஆவது, அதன் இறுதிச் சுற்று. சீடர்களுக்குத் தலைக்கனம் ஏறக்கூடாது என்று ஆமை முனிவரே ஜாக்கி சுன் என்ற பெயரில் மாறுவேடத்தில் மேடையேறுகிறார். முழுநிலவைப் பார்த்த கோகு ராட்சதக் குரங்காகிவிட, முனிவர் காமேஹாமேஹா என்ற ஆற்றல் அலையை விட்டு நிலவையே தகர்க்கிறார். இதெல்லாம் நன்றாக நினைவிருந்தது.

கடைசி உதைதான் நினைவில் இல்லை. இருவரும் களைத்துத் தள்ளாடி, ஒரே நேரத்தில் பாய்ந்து உதைக்கிறார்கள், இருவரும் விழுகிறார்கள். முதலில் எழுந்து நிற்பவர் முனிவர். கோகுவின் கால் குட்டை. அவன் உதை முழுதாகப் படவில்லை. அவ்வளவுதான், தோல்வி. இத்தனை வருடமும் அந்தப் போட்டியில் கோகு ஜெயித்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்! இரண்டு முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். இரண்டு முறையும் கிழவர்தான் எழுந்தார்.

ஜூன் 21, சனி

22-ஆவது போட்டியிலும் தோல்வி. இறுதிச் சுற்றில் எதிராளி டென்ஷின்ஹான் மேடையையே தூளாக்கிவிட, இருவரும் வானத்திலிருந்து விழுகிறார்கள். வழியில் போன வண்டியில் மோதி, நூலிழையில் கோகு முதலில் தரையைத் தொடுகிறான். வில்லன் பிக்கோலோவோடு மோதும் 23-ஆவதில்தான் முதல் கோப்பை. வெறும் வெற்றி வீரனாகவா இவனை மனத்தில் வைத்திருந்தேன்?

இரவு தம்பிக்குப் போன் செய்தேன். "அந்த முதல் போட்டியில் யார் ஜெயித்தது, நினைவிருக்கிறதா?"

"ஜாக்கி சுன்" என்றான், யோசிக்காமல். "நான்தான் சொன்னேனே, நீதான் ஒப்புக்கொள்ளவில்லை. விளையாடும்போது எப்போதும் நீதான் கோகு, நான் க்ரிலின்."