காண்டாமிருகத்தின் மூச்சை எண்ணிய குளிர்காலம்

காட்டு விலங்குகளை மயக்கிப் பிடித்து இடம் மாற்றும் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்கா போகிறேன் என்றதும், என்னுடன் படித்த கால்நடை மருத்துவர்கள் எல்லோரும் துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்டார்கள். எவ்வளவு தொலைவிலிருந்து சுடுவார்கள், குறி தவறினால் என்ன ஆகும் என்றெல்லாம். குவாசுலு-நடால் மாகாணத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க மூத்த மருத்துவர்களுக்கு உதவியாக இருந்துவிட்டு வந்திருக்கிறேன். சுடுவது இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. விலங்கு சாய்ந்த பிறகுதான் மருத்துவருக்கு வேலையே ஆரம்பிக்கிறது. அது முடிய மாதக்கணக்கில் ஆகும்.

முதலில் கற்றுத் தந்தது மனிதரைக் காப்பாற்றும் வழியை. காண்டாமிருகத்துக்குப் பயன்படுத்தும் எட்டார்ஃபின் என்ற மயக்க மருந்து, மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியம் கொண்டது. இரண்டு டன் எடையுள்ள வெள்ளைக் காண்டாமிருகத்தைச் சாய்க்கச் சில மில்லிகிராம் போதும். கையில் உள்ள கீறல் வழியே ஒரு துளி உடம்புக்குள் போனால் மனிதருக்கு மூச்சு நின்றுவிடும். அதனால் யாரும் தனியாக இருந்து மருந்தை ஏற்றுவதில்லை. கையுறை, முகக் கவசம், பக்கத்தில் எடுத்து வைத்த நால்ட்ரெக்சோன் என்ற முறிவு மருந்து எல்லாம் தயாராக இருந்தால்தான் புட்டியைத் திறப்பார்கள். அந்த முறிவு மருந்தை எப்படிப் போடுவது, செயற்கைச் சுவாசம் எப்படிக் கொடுப்பது என்று ஓட்டுநர் உட்பட எல்லோருக்கும் பயிற்சி உண்டு.

இவ்வளவு ஆபத்தான இந்த மருந்துதான் அந்த இனத்தை வாழவைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகங்கள் நூறுகூட இல்லை. எஞ்சியவை இதே மாகாணத்தின் இம்ஃபொலோசி பகுதியில்தான் இருந்தன. 1960களில் தென்னாப்பிரிக்க வனப் பாதுகாவலர் இயன் பிளேயரும் அவருடைய குழுவினரும் எட்டார்ஃபினின் துணையுடன் அவற்றைப் பிடித்து வேறு காடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இன்று ஏறத்தாழ 16 ஆயிரம் இருக்கின்றன.

பிடிக்கும் வேலை விடியற்காலைக் குளிரிலேயே தொடங்கிவிடும். மயக்கத்தில் இருக்கும் விலங்கின் உடல் எளிதில் சூடேறிவிடும் என்பதால் வெயில் ஏறிவிட்டால் யாரும் துணிய மாட்டார்கள். ஹெலிகாப்டரிலிருந்து மூத்த மருத்துவர் காண்டாமிருகத்தின் பிட்டத்தில் மயக்க ஊசியைச் சுடுவார். சில நிமிடங்களில் அதன் நடை மாறும். முன்னங்கால்களை வழக்கத்தைவிட உயரத் தூக்கி வைக்கும், பிறகு தள்ளாடும், பிறகு சாயும். நாங்கள் வண்டியிலிருந்து குதித்து ஓடிப்போய் முதலில் கண்ணைத் துணியால் கட்டுவோம். காதுகளுக்குள் பஞ்சு அடைத்த காலுறைகளைத் திணிப்போம். வெளிச்சமும் சத்தமும் குறைந்தால் மயக்கம் கலையாது.

எனக்குக் கொடுத்திருந்த இடம் மூக்கருகில். உள்ளங்கையை மூக்குத் துளைக்கு எதிரே வைத்துக்கொண்டு, வரும் ஒவ்வொரு மூச்சையும் உரக்கச் சொல்ல வேண்டும். ஈரமும் புல் வாடையும் கலந்த சூடான காற்று கையில் மோதும். பிறகு நீண்ட இடைவெளி. எட்டார்ஃபின் எல்லா விலங்குக்கும் மூச்சைக் குறைக்கும். வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு மிக அதிகமாகக் குறைக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் சரசரவென்று இறங்கும், தசைகள் நடுங்கத் தொடங்கும். உடனே மூச்சைச் சற்று மீட்கும் பியூட்டார்ஃபனால் என்ற மருந்தைக் காது நரம்பில் போடுவார்கள். மூக்கு வழியே குழாயைச் செலுத்தி உருளையிலிருந்து ஆக்சிஜன் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இடைவெளி குறையும். அந்த மாற்றம் கருவியில் தெரிவதற்கு முன்பே என் கைக்குத் தெரிந்தது.

மற்றவர்கள் அடையாளத்துக்காகக் காது மடலில் வெட்டு போடுவார்கள், மைக்ரோசிப் பொருத்துவார்கள், கொம்பை உயிர்ப்பகுதிக்கு மேலே அறுப்பார்கள். கொம்பும் நம் நகத்தைப் போன்ற கெராட்டின்தான், மறுபடியும் வளரும். தன் எடையாலேயே கால் தசைகள் நசுங்கிப்போகும் என்பதால் இருவர் கால்களைப் பிடித்து நீட்டி மடக்கிக்கொண்டே இருப்பார்கள். நான் "மூச்சு தாமதம்" என்று குரல் கொடுத்தால் போதும், ரம்பம் உட்பட எல்லாம் அந்த நொடியே நிற்கும். அவ்வளவு பெரிய குழு ஓர் உயிரின் மூச்சுக்குக் கட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்தபோது இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்ததற்காகப் பெருமைப்பட்டேன்.

யானைக்குக் கணக்கு வேறு. காண்டாமிருகம் மார்பு தரையில் படும்படி குந்தியிருந்தால் மூச்சுக்கு நல்லது. யானை அப்படி விழுந்துவிட்டால் உடல் எடை நெஞ்சை அமுக்கிவிடும்; உடனே பக்கவாட்டில் தள்ளிப் படுக்கவைக்க வேண்டும். துதிக்கை நுனி மூடிக்கொள்ளாமல் இருக்கச் சிறு குச்சியைக் குறுக்கே வைப்பார்கள். நமீபியாவில் 12 கருப்புக் காண்டாமிருகங்களைக் கால்களில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். ஒருக்களித்துப் படுத்திருப்பதைவிட அது மோசமில்லை என்று தெரிந்தது. 2021இல் அதற்குச் சிரிப்பூட்டும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. சாலையே இல்லாத மலைகளிலிருந்து விலங்கை ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிவர வேண்டியவர்களுக்கு அது வாழ்வா சாவா என்ற கேள்வி. அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூண்டில் ஏற்றும்போது நம் ஊர்க் கும்கி யானைகளின் நினைவு வந்தது. அங்கே கும்கி கிடையாது. மயக்கத்தைப் பாதி மட்டும் தெளியவைத்து, தலையில் ஒரு கயிறும் பின்னங்காலில் ஒரு கயிறும் கட்டி, தூக்கக் கலக்கத்திலேயே நடத்திக் கூட்டிப்போகிறார்கள். முன்னால் இழுக்கச் சிலர், பின்னாலிருந்து தள்ளச் சிலர். கதவு சாத்திய பிறகு கிரேன் கூண்டைத் தூக்கி லாரியில் வைக்கும்.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது அதற்குப் பிந்தைய கட்டம். போமா எனப்படும் மரக்கம்பப் பட்டியில் சில வாரங்கள் வைத்துப் பழக்குவார்கள். வெள்ளைக் காண்டாமிருகம் அங்கே எளிதில் தீனி எடுக்காது. ஒரு பெண் காண்டாமிருகம் வந்த நாளிலிருந்து தீனியை முகர்ந்துவிட்டுச் சுவரோரமாய்ப் போய் நின்றுகொண்டது. அது மேய்ந்த இடத்துப் புல்லையே அறுத்து வந்து போட்டோம். அதே இடத்துச் சாணத்தை அள்ளி வந்து மூலையில் குவித்தோம். காண்டாமிருகங்கள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதே சாணக் குவியலை வைத்துத்தான். அதைத்தான் முதலில் நெடுநேரம் முகர்ந்தது. இரவில் புல்லைக் கடித்தது. பிறகு காய்ந்த புல், அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரை மசால் என்ற தீவனப் பயிர் என்று மாற்றினோம். குதிரையைப் போலப் பெருங்குடலில் செரிக்கும் விலங்கு. தீனியை அவசரமாக மாற்றினால் வயிற்று வலியிலேயே செத்துப்போகும்.

விடுவிக்கும் இடத்தின் தண்ணீரைச் சோதிக்காமல் எந்த விலங்கையும் ஏற்றாதீர்கள் என்று அங்கே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2018இல் கென்யாவின் சாவோ கிழக்குப் பூங்காவுக்குக் கொண்டுபோன கருப்புக் காண்டாமிருகங்கள் 11 இறந்தன. புதிய இடத்தின் உப்புத் தண்ணீர்தான் அதற்கு முக்கியக் காரணம். பிடித்தது, ஏற்றியது, இறக்கியது எல்லாம் முடிந்த பிறகு நடந்த சாவுகள் அவை. மாறாக, குவாசுலு-நடாலின் ஃபிண்டா காப்பகத்திலிருந்து 2021இல் போயிங் 747 விமானத்தில் 30 வெள்ளைக் காண்டாமிருகங்களை ருவாண்டாவின் அககேரா தேசியப் பூங்காவுக்கு அனுப்பியபோது, அங்கும் பட்டியில் வைத்துப் படிப்படியாகவே விட்டார்கள்.

போக விரும்பும் கால்நடை மருத்துவர்களுக்கு இரண்டொன்று சொல்கிறேன். வெளிநாட்டவர் எட்டார்ஃபினைத் தனியாகக் கையாள முடியாது. அந்த நாட்டில் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வை வேண்டும் என்பதால் அதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். மே முதல் செப்டம்பருக்குள் போங்கள், பிடிக்கும் பருவம் அதுதான். துப்பாக்கிப் பயிற்சிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைக் குதிரை மருத்துவத்துக்குக் கொடுங்கள். மயக்கத்தில் மூச்சைக் கவனிப்பதும், வயிற்று வலியின் முதல் அறிகுறியைக் கண்டுபிடிப்பதும் எனக்கு அங்கே கைகொடுத்தன.