மார்க்கிங் கத்தியும் இழைப்புளி பிளேடும்: இரண்டாவது சுற்று முடிந்தது

மரவேலைக்கு ஒரு மார்க்கிங் கத்தியும் (மரத்தில் அளவுக்கோடு கீறும் கத்தி), என்னிடமுள்ள பழைய இழைப்புளிக்குப் பொருந்தும் தடித்த பிளேடு ஒன்றும் நானே செய்துகொள்ள ஆசைப்பட்டுத் தொடங்கிய வேலை இது. கையில் இருப்பவை அரம், டிரில், சிறிய உலை. முதலில் 4 மி.மீ. எஃகுத் தகட்டை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தை அறுத்து நேராக்குவதற்குள் விடுமுறை நாள் முழுதும் போய்விட்டது. பிளேடின் நடுவில் வரும் நீண்ட துளை இன்னும் பாக்கி. சரி, வெட்டுவதை வெளியே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அதற்கு வரைபடம் வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருள் ஏற்கெனவே பழக்கம் என்பதால் கத்தியை முதலில் அதில்தான் வரைந்தேன். வளைவுகள் அழகாக வந்தன. ஆனால் கத்தியின் அகலத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் துளைகளைக் கையால் நடுவுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. ஃப்ரீகேட் என்ற இலவச வடிவமைப்பு மென்பொருளில் அளவுகளையும் கட்டுப்பாடுகளையும் போட்டு வரையப் பழகிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. அகலத்தை 18-இலிருந்து 16 ஆக்கினால் துளைகள் தாமாகவே இடம் மாறுகின்றன. 2024 நவம்பரில் வெளிவந்த 1.0 பதிப்பில் தொடங்கினேன். முதல் இரண்டு மூன்று மாலைகள் சிரமமாக இருந்தது, அப்புறம் கை பழகிவிட்டது. ஃப்யூஷன் என்ற இன்னொரு வடிவமைப்பு மென்பொருளைப் பழகுவது இதைவிட எளிது. அதன் இலவசத் தனிநபர் உரிமத்தில் ஒரே சமயத்தில் 10 கோப்புகளைத்தான் திருத்தும் நிலையில் வைத்திருக்க முடியும். இணையத்தில் இயங்கும் ஆன்ஷேப்பின் இலவசக் கணக்கில் வரைபவை எல்லோருக்கும் தெரியும். என் கோப்பு என் கணினியிலேயே இருக்க வேண்டும் என்று விரும்புபவன் நான், அதனால் ஃப்ரீகேடிலேயே நின்றுவிட்டேன். தட்டையான தகட்டுக்கு மட்டும் என்றால் இருபரிமாணப் படம் வரையும் லிப்ரேகேடே போதும்.

வெட்டும் இடத்துக்குப் போவது டி.எக்ஸ்.எஃப் கோப்பு. 1982-இல் ஆட்டோகேட் வரைபட மென்பொருளுடன் வந்த கோப்பு வடிவம் இது. பல கோப்புகளில் எண் மட்டும்தான் இருக்கும், அது மில்லிமீட்டரா அங்குலமா என்ற குறிப்பு இருக்காது. மில்லிமீட்டரை அங்குலமாகப் படித்தால் எல்லாமே 25.4 மடங்கு பெரிதாகிவிடும். அதனால் "மொத்த நீளம் 150 மி.மீ., அகலம் 18 மி.மீ." என்று கடிதத்திலும் எழுதி அனுப்புகிறேன். அனுப்பும் முன் கோட்டின் மேல் கோடு படிந்திருக்கிறதா, எங்காவது வளையம் மூடாமல் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பேன். ஸ்ப்லைன் வளைவுகளை (புள்ளிகளைக் கொண்டு வரையும் நெளிகோடுகள்) வட்ட வில்லாக மாற்றிவிடுவேன். அப்படியே விட்டால் சில இயந்திரங்களுக்கு அவை குட்டிக் குட்டி நேர்கோடுகளாகப் போய், விளிம்பில் பட்டை பட்டையாகத் தெரியும். கடைசியாக உண்மை அளவில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி வெட்டிக் கையில் பிடித்துப் பார்ப்பது. பிடி மிகவும் ஒல்லியாக இருந்தது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அடுத்த சிக்கல் உலோகம். நான் பார்த்த சேவைகளின் பட்டியலில் மைல்டு ஸ்டீல், 304 ஸ்டெயின்லெஸ், அலுமினியம் இவைதான் இருந்தன. மூன்றையும் சூடாக்கித் தோய்த்துக் கூர் நிற்கும் அளவுக்குக் கடினமாக்க முடியாது. எனக்கு ஓ1 வகைக் கருவி எஃகு வேண்டும். நாம் கொடுக்கும் தகட்டை வெட்டித் தருவார்களா என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டு, ஒப்புக்கொண்ட லேசர் வெட்டுக்காரரிடம் முதல் சுற்றாகக் கத்தியைக் கொடுத்தேன்.

விளிம்புகள் பார்க்க அருமையாக இருந்தன. பிடிக்கான 5 மி.மீ. பின்தான் துளைக்குள் போகவில்லை. லேசர் ஏறத்தாழ 0.2 மி.மீ. அகலத்துக்கு உலோகத்தை எடுத்துவிடும் (இதுதான் கழிவு) என்று படித்திருந்ததால், துளையை நான் 4.8 ஆக வரைந்திருந்தேன். வெட்டுபவரும் தம் மென்பொருளில் அதே கழிவைக் கொடுத்திருக்கிறார். இரண்டு முறை கழித்ததில் துளை சிறுத்துவிட்டது. டிரில்லால் பெரிதாக்கலாம் என்று போனால் பிட்டின் முனைதான் மழுங்கியது. அரம் வைத்தால் கண்ணாடிமேல் போல வழுக்கியது. லேசர் உருக்கிய இடத்தைச் சுற்றியுள்ள எஃகு, பக்கத்துக் குளிர்ந்த உலோகத்தால் சட்டென்று ஆறிக் கடினமாகிவிடுகிறது. கரிமம் கூடுதலாக உள்ள எஃகில் இது நடக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. உலையில் சிவக்கச் சூடாக்கி, சாம்பலில் புதைத்து ஓர் இரவு முழுதும் மெல்ல ஆறவிட்டேன். மறுநாள் டிரில் சுகமாக இறங்கியது. சாம்பலிலிருந்து எடுத்த கத்தியில் அரம் கடிக்கும் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

இரண்டாவது சுற்றில் பிளேடை வாட்டர்ஜெட்டில் வெட்டக் கொடுத்தேன். சுமார் 4,000 பார் அழுத்தத்தில் கார்னெட் மணலோடு பாயும் தண்ணீர் வெட்டுவதால் விளிம்பு சூடாவதில்லை. கழிவு லேசரைவிட அதிகம், ஏறத்தாழ 1 மி.மீ. இந்த முறை கோட்டை உண்மை அளவிலேயே வரைந்து, "கழிவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிட்டேன். கத்திக்கும் இன்னொரு பிரதி சேர்த்து, துளைகளை வேண்டுமென்றே 4.5-ஆக வைத்தேன், மீதியை நானே டிரில் செய்துகொள்ளலாம் என்று. விளிம்பு லேசாகச் சரிந்திருந்தது, நாலைந்து முறை அரம் ஓட்டியதில் சரியாகிவிட்டது. மேலே மெல்லிய துரு படிந்து வந்தது. அதை எண்ணெய்த் துணியால் துடைத்தேன்.

இரண்டாவது கத்தியை 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி எண்ணெயில் தோய்த்து, 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பதப்படுத்தினேன். கூர்முகத்தைத் தோய்த்த பிறகே தீட்டினேன். ஒரு பக்கம் மட்டும் மெலிந்த தகட்டைத் தோய்த்தால் வளைய வாய்ப்பு அதிகம். பைன் பலகையில் இழைகளுக்குக் குறுக்கே அது போட்ட கோடு முடிபோல இருந்தது.

பிளேடு இழைப்புளிக்குள் உட்கார்ந்துவிட்டது, நீண்ட துளையில் திருகு தாராளமாக நகர்கிறது. அதைத் தோய்ப்பதும் 25 டிகிரி சாய்வில் தீட்டுவதும் பாக்கி. 4 மி.மீ. தடிமன் முழுதும் சீராகச் சூடாக என் உலை போதுமா என்று, அதே தகட்டில் மிஞ்சிய துண்டை வைத்து முதலில் பார்க்கப்போகிறேன்.