ஈச்சங்காட்டுக் கடற்கரையும் இத்தானோஸும்: வேலூரிலிருந்து கிரீட் போகிறவர்களுக்கு

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், வடகிழக்கு மூலையில் ஈச்சங்காடு சூழ்ந்த கடற்கரை ஒன்று இருக்கிறது; அதற்கு ‘வாய்’ என்று பெயர். கிரேக்கத்தில் ஓலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அங்கே குருத்தோலை ஞாயிறின் பெயரிலும் அதே சொல்தான் இருக்கிறது.

படத்தில் பார்க்கிறவர்கள் அந்த மரங்களைப் பேரீச்சை என்று நினைத்துவிடுவார்கள். அது தனி இனம். தியோஃபிராஸ்டஸ் என்ற பழங்காலக் கிரேக்க அறிஞரின் பெயரை 1967இல் அதற்கு வைத்தார்கள். நம் பக்கத்து ஈச்சமரத்துக்குப் பங்காளி என்றால் சரியாக இருக்கும். மட்டையின் அடியில் அதே ஊசி முள். ஆனால் நம் ஈச்சை ஒற்றை மரமாக நிற்கும். இது அடியில் பக்கக்கன்று விட்டுப் புதராகப் பெருகும். காய் சிறிது, நார் அதிகம், தின்னத் தேறாது. கடற்கொள்ளையர் பேரீச்சை தின்று துப்பிய கொட்டைதான் காடாயிற்று என்று அங்கே ஒரு கதை உண்டு. பேரீச்சங்கொட்டையிலிருந்து இந்த இனம் வராது, ஆகவே கதை நிற்காது. மழையே குறைந்த அந்த மூலையில் இவ்வளவு மரம் நிற்பதற்குக் காரணம் ஓடைப் பள்ளத்தாக்கு. பாலாற்றில் ஊற்றுக்கால் தோண்டினால் நீர் வருவதுபோல, அங்கும் மேலாகவே நிலத்தடி நீர் கிடைக்கிறது.

1970களிலும் அடுத்த பத்தாண்டிலும் கூடாரம் போட்டவர்கள் காட்டைக் குப்பையாக்கினார்கள். அதன் பிறகுதான் வேலி வந்தது. உள்ளே நுழையவோ இரவு தங்கவோ கூடாது. மரங்களை முழுதாகப் பார்க்க, மணலில் நின்று கடலைப் பார்த்தால் வலது பக்கம் வரும் பாறை மேட்டில் படி ஏறுங்கள்.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, பகல் 11 மணிக்கு வாய் போய் இறங்குவது. சீசனில் அந்நேரம் வாகன நிறுத்தம் நிரம்பி, மணலில் குடை இடிக்கும். வரிசையை மாற்றுங்கள். விடிந்ததும் 2 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் இத்தானோஸ் என்ற பழங்கால நகரின் இடிபாடுகளுக்குப் போங்கள். வாய்க்கு மாலை 4 மணிக்கு மேல் வாருங்கள். கடற்கரை கிழக்கு பார்த்தது, அதனால் மாலையில் வெயில் முதுகுப்பக்கம் சாயும், கூட்டமும் கலையும்.

இத்தானோஸில் வேலூர்க் கோட்டை மாதிரி மதிலும் அகழியும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் இடுப்புயரத்துக்கு மேல் சுவர் இல்லை. காலைச் சாய்வெயிலில்தான் சுவர்க்கோடுகளின் நிழல் விழுந்து கட்டடங்களின் அமைப்பு புரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே கற்குவியல். கடலை ஒட்டி இரண்டு குன்றுகள், அவைதான் நகரின் அரண்கள். 5, 6ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் அடித்தளத்தையும் தேடிப் பாருங்கள். பழைய கட்டடக் கற்களை எடுத்துக் கட்டியது தெரியும்.

இந்த ஊர்க்காரர் ஒருவரைப் பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்: கொரோபியோஸ், கடல் சங்கிலிருந்து ஊதாச் சாயம் எடுப்பவர், தேரா (இன்றைய சாந்தோரினி) தீவினருக்கு லிபியாப் பக்கம் வழிகாட்டியவர். பிறகு கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் தாலமி அரசர்கள் இங்கே படை வைத்தார்கள். அண்டை நகரான ஹியராபித்னாவுடன் நடந்த எல்லைத் தகராறு ரோம் வரை போய், ரோம் பொறுப்பை ஒப்படைத்தபடி கி.மு. 112 வாக்கில் மக்னீசியா என்ற வேறொரு கிரேக்க நகரத்தார் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்புக் கல்வெட்டு தோப்லு மடாலயத்தின் சுவரில் பதிந்திருக்கிறது. வாய்க்குப் போகும் வழியில்தான் மடாலயம். நடுப்பகலை அங்கே கழியுங்கள். திறக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கல்வெட்டைப் பார்க்காமல் இத்தானோஸைப் பார்த்தது பாதிதான்.

இத்தானோஸில் கடை, குழாய், நிழல் எதுவும் இல்லை. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, கட்டைவிரல் மூடிய செருப்பு வேண்டும். அக்கினி நட்சத்திரம் பார்த்த நமக்கு இது என்ன வெயில் என்று அசட்டை வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்னும் வடகாற்று வீசும். காற்றில் சூடு உறைக்காது, தோல் மட்டும் கருகும். மே கடைசி, ஜூன், செப்டம்பர் நல்லது. வடக்கே முனைக்குப் போகும் பாதை கடற்படைப் பகுதியில் முடிகிறது, அங்கே கேமராவைத் தூக்காதீர்கள்.

சென்னையிலிருந்து வளைகுடா வழியாக ஏதென்ஸ், அங்கிருந்து கிரீட்டின் ஹெராக்லியோன் நகருக்கு ஒரு மணி நேரத்துக்குள் விமானம். அங்கிருந்து, வாய்க்குப் பக்கத்து ஊரான சித்தியா ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மலை வளைவுச் சாலை என்பதால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். சித்தியாவிலேயே தங்கிவிட்டால் வாய் 25 கிலோமீட்டர்தான். கோடையில் அங்கிருந்து பேருந்து உண்டு, ஆனால் விடியற்காலை இத்தானோஸுக்கு அது உதவாது, கார்தான் வேண்டும்.

அதற்கு வேலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 4ஏ படிவம் கொடுத்துப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள்; கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். ஒரிஜினல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். கிரீஸ் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அங்கே வண்டி சாலையின் வலது பக்கம் ஓடும். முதல் நாள் இண்டிகேட்டர் போட நினைத்தால் வைப்பர் ஓடும். இடது திரும்பும்போது பழக்கத்தில் எதிர்ப்பாதையில் ஏறிவிடுவார்கள். பக்கத்தில் உட்காருகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் “வலது” என்று வாய்விட்டுச் சொல்லட்டும். கார் காப்பீட்டில் டயரும் அடிப்பாகமும் சேருமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், மண்பாதையில் முதலில் அடிபடுவது அவைதான். பெட்ரோலைச் சித்தியாவிலேயே நிரப்பிவிடுங்கள்.