மார்க் நேரா தான் இருந்துச்சு, ஆனாலும் ஒரு பல்லு தப்பு

இன்ஜின்ல ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் மேல உக்கார்ற ஹெட்டுக்கும் நடுவுல வர்ற சீல்) மாத்தி முடிச்சாச்சு, இனி டைமிங் பெல்ட் (கிராங்கையும் கேமையும் சேர்த்து சுத்த வைக்கிற பல்லு வச்ச பெல்ட்) மட்டும் தான் பாக்கின்னு நெனச்சேன், அந்த "மட்டும் தான்" என்னோட ரெண்டு சாயங்காலத்த தின்னுடுச்சு.

கணக்கு என்னவோ ஈஸி தான். கிராங்க் (பிஸ்டன் சுத்தி விடுற கீழ் தண்டு) ரெண்டு சுத்து சுத்துனா கேம் (வால்வை திறந்து மூடுற மேல் தண்டு) ஒரு சுத்து, அதனால கேம் கியர்ல பல்லு ரெண்டு மடங்கு இருக்கும். என் இன்ஜின்ல 24க்கு 48. ஒரு பல்லு தள்ளி விழுந்தா கேம்ல ஏழரை டிகிரி, கிராங்க்ல 15 டிகிரி. பேருக்கேத்த ஏழரை தான், இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஆனா ஐடில்ல நடுங்கும், இழுவை இருக்காது.

கேமை தனியா திருப்பறதுக்கு முன்னாடி கிராங்கை கொஞ்சம் பின்னாடி எடுத்து பிஸ்டன் எல்லாத்தையும் பாதி உயரத்துல நிறுத்திக்கிட்டேன், இல்லன்னா வால்வு பிஸ்டன்ல முட்டி வளைஞ்சுடும், அப்புறம் ஹெட்டை மறுபடி கழட்டணும். ரெண்டு கேமையும் (காத்து உள்ள வர்ற வால்வுக்கு ஒன்னு, புகை வெளிய போற எக்ஸாஸ்ட் வால்வுக்கு ஒன்னு) கியர்ல இருக்கற மார்க்குக்கு கொண்டு வந்துட்டு தான் ஒன்னாம் நம்பர் பிஸ்டனை மேல ஏத்துனேன். இதுல எக்ஸாஸ்ட் கேம் இருக்கே, அது சொன்ன இடத்துல நிக்கவே நிக்காது, வால்வு ஸ்பிரிங் அடியில இருந்து தள்ளிட்டே இருக்கும், ஸ்பேனரை லேசா விட்டா போதும், டக்குனு சரிஞ்சுடும். ஒரு கையில ஸ்பேனர், ஒரு கையில பெல்ட், டென்ஷனர் (பெல்ட்டை விறைப்பா வைக்கிற உருளை) பின்னை இழுக்க மூணாவது கைக்கு எங்க போறது?

எப்படியோ மாட்டி பின்னை உருவிட்டேன். கிராங்க்ல ஒன்னு, கேம்ல ரெண்டு, மூணு மார்க்கும் கச்சிதமா நேர்ல. அப்பவே கவரை மூடியிருப்பேன், நல்லவேளை மூடல. ஸ்பார்க் ப்ளக்கை கழட்டிட்டு ராட்செட் போட்டு கையால ரெண்டு முழு சுத்து, மெதுவா, இன்ஜின் ஓடுற திசையிலேயே சுத்துனேன் (எங்கயாவது கட்டியா தட்டுச்சுன்னா அங்கயே நிறுத்திடணும், பலம் காட்டக்கூடாது). கிராங்க் மார்க் சரியா வந்து நின்னுச்சு, எக்ஸாஸ்ட் மார்க் ஒரு பல்லு பின்தங்கி நிக்குது!

கொஞ்ச நேரம் பேந்த பேந்த முழிச்சேன். அப்புறம் தான் உறைச்சுது, டென்ஷனர் இல்லாத பக்கத்துல, அதாவது கிராங்க் பெல்ட்டை இழுக்கற பக்கத்துல தொய்வு விட்டிருக்கேன். சும்மா நிக்கும்போது அது தெரியாது, சுத்த ஆரம்பிச்சதும் கிராங்க் மொதல்ல அந்த தொய்வை இழுத்துட்டு அப்புறம் தான் கேமை இழுக்குது.

மறுநாள் பெல்ட்டை கிராங்க்ல இருந்து ஆரம்பிச்சு இழுவை பக்கத்த விறைப்பா மேல ஏத்தி, கேம் கியரோட பேப்பருக்கு போடுற பெரிய கிளிப்பால கவ்வ விட்டுட்டு, கடைசியா டென்ஷனர் பக்கம் மாட்டுனேன். மூணாவது கை அந்த கிளிப் தான். மீதி தொய்வு பூரா டென்ஷனர் பக்கம் போயிடுச்சு. கிளிப்பை எடுத்துட்டு ரெண்டு சுத்து, சரி. நம்பிக்கை வராம இன்னும் ரெண்டு சுத்து, அப்பவும் சரி.

பெல்ட்டுக்கு பதிலா செயின் இருக்கற இன்ஜின்காரங்களுக்கு ஒன்னு சொல்றேன்: ரெண்டு சுத்துக்கு அப்புறம் செயின்ல இருக்கற கலர் லிங்க் (கலர் அடிச்ச கண்ணி) மார்க்கை விட்டு எங்கயோ போயிருக்கும், பதறாதீங்க, அது மாட்டறதுக்கு மட்டும் தான், கியர் மார்க்கை மட்டும் பாருங்க.